வாயில் டேப், கையில் மெகாஃபோன்

1993 ஜூலை 18, அமெரிக்காவின் பிலடெல்பியா. லொல்லபலூசா இசைத் திருவிழாவின் மேடையில் நான்கு பேர் வந்து நிற்கிறார்கள். உடம்பில் துணி இல்லை. வாயில் டேப். மார்பில் ஆளுக்கொரு எழுத்தாக பி, எம், ஆர், சி. ஆம்ப் (கிடார் ஒலியைப் பெருக்கும் பெட்டி) எழுப்பும் ஊளைச் சத்தத்தைத் தவிர, ஏறக்குறைய கால் மணி நேரத்துக்கு வேறு ஒலியே இல்லை. முதலில் ஆரவாரம் செய்த கூட்டம் பொறுமையிழந்து கத்தத் தொடங்கியது, கையில் கிடைத்ததை வீசியது.

ரேஜ் அகெய்ன்ஸ்ட் த மெஷின் என்ற ராக் குழுவின் ஆகச்சிறந்த கச்சேரி எது என்று கேட்டால், ஒரு வரிகூடப் பாடாத இதைத்தான் சொல்வேன்.

பாடல் வரிகளைக் கண்காணிக்க வாஷிங்டன் அரசியல்வாதிகளின் மனைவிமார் 1985-இல் தொடங்கிய அமைப்பு பி.எம்.ஆர்.சி. இசைத்தட்டுகளில் 'பெற்றோருக்கு எச்சரிக்கை' முத்திரை வந்தது அவர்கள் கொடுத்த அழுத்தத்தால்தான். கிடார் வாசிக்கும் டாம் மொரெல்லோவின் அம்மா மேரி ஒரு பள்ளி ஆசிரியை. அந்தத் தணிக்கையை எதிர்த்து, ராக்கையும் ராப்பையும் ஆதரிக்கும் பெற்றோருக்காகவே ஓர் அமைப்பைத் தொடங்கியவர் அவர். தணிக்கை தவறு என்று எவ்வளவோ எழுதலாம். பாட்டுக் கேட்க வந்தவனைப் பாட்டில்லாமல் நிற்கவைத்து, தணிக்கை என்றால் இப்படித்தான் இருக்கும் என்று உணரவைப்பது வேறு. ஏமாந்துபோன ரசிகர்களுக்காகப் பிறகு இலவசக் கச்சேரியும் நடத்தினார்கள்.

லாஸ் ஏஞ்சலீஸில் 1991-இல் சேர்ந்த குழு இது. பாடகர் ஸாக் டி லா ரோச்சா, பேஸில் டிம் காமர்ஃபோர்ட், டிரம்ஸில் பிராட் வில்க். 1992-இல் வந்த முதல் ஆல்பத்தின் அட்டையில், 1963-இல் சைகோன் தெருவில் தீக்குளித்த புத்த பிக்கு திக் குவாங் டுக்கின் படம். உள்ளே ஒரு குறிப்பு: சாம்பிள் (வேறு பதிவிலிருந்து வெட்டியெடுத்த ஒலி), கீபோர்டு, சிந்தசைசர் எதுவும் பயன்படுத்தவில்லை. டிஜே தட்டைத் தேய்ப்பதுபோல் கேட்பதெல்லாம் மொரெல்லோவின் கிடார்தான். சுவிட்சைத் தட்டித் தட்டியே அதை வரவழைப்பார். ஸ்டுடியோ வித்தையை நம்பாத அந்த நான்கு பேரும் எந்த மேடையிலும் அதே இடியை இறக்க முடிந்ததற்கு அதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

அந்த மேடையைத்தான் அவர்களிடமிருந்து திரும்பத் திரும்பப் பறித்தார்கள். 1996-இல் ஒரு பெரிய தொலைக்காட்சி நிகழ்ச்சி. அன்றைய தொகுப்பாளர், குடியரசுக் கட்சியின் அதிபர் வேட்பாளர் ஆவதற்குப் போட்டியிட்ட கோடீஸ்வரர் ஸ்டீவ் ஃபோர்ப்ஸ். ஆம்ப் மேல் அமெரிக்கக் கொடியைத் தலைகீழாகத் தொங்கவிட்டார்கள். இரண்டு பாட்டு பாட வந்தவர்களை ஒரே பாட்டோடு வெளியே அனுப்பிவிட்டார்கள். 2000-இல் ஜனநாயகக் கட்சி மாநாட்டு அரங்குக்கு எதிரிலேயே இலவசக் கச்சேரி. அவர்கள் பாடி முடித்த பிறகு போலீஸ் மின்சாரத்தைத் துண்டித்து, ரப்பர் குண்டு சுட்டுக் கூட்டத்தைக் கலைத்தது.

எனக்கு மிகவும் பிடித்தது 2008 செப்டம்பரில் செயின்ட் பால் நகரில் நடந்தது. குடியரசுக் கட்சி மாநாட்டை எதிர்த்து நடந்த கச்சேரியில் அவர்களை மேடை ஏறவிடாமல் போலீஸ் தடுத்தது. சரி என்று ஸாக்கும் மொரெல்லோவும் கூட்டத்துக்குள் இறங்கி, மெகாஃபோனை மாற்றி மாற்றிப் பிடித்து, வாத்தியமே இல்லாமல் இரண்டு பாடல்களைப் பாடினார்கள். சுற்றி நின்ற கூட்டமும் சேர்ந்து பாடியது. மின்சாரமே தேவைப்படாத ஒன்றைத்தான் இத்தனை வருடம் ஆம்ப் வைத்து வாசித்திருக்கிறார்கள் என்று அன்றுதான் எனக்குப் புரிந்தது.

சோனியின் கீழிருந்த எபிக் இசைத்தட்டு நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டுக்கொண்டு முதலாளித்துவத்தைத் திட்டலாமா என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். வந்த பணமும் புகழும் எங்கே போயின என்பதையும் சேர்த்துக் கேளுங்கள் என்பதே என் பதில். 2009-இல் பிரிட்டன் ரசிகர்கள் அவர்களுடைய 17 வருடப் பழைய பாட்டை கிறிஸ்துமஸ் நேரத்தில் முதலிடத்துக்குக் கொண்டுவந்தார்கள். அடுத்த ஜூனில் லண்டன் ஃபின்ஸ்பரி பார்க்கில் இலவசமாக வாசித்து நன்றி சொன்னது குழு. 2022-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் கருக்கலைப்பு உரிமையைப் பறித்தபோது, பெண்களின் உரிமைக்காக வேலை செய்யும் அமைப்புகளுக்கு 4,75,000 டாலர் கொடுத்தார்கள்.

அந்த 2022 சுற்றுப்பயணம்தான் கடைசி. பதினொரு வருட இடைவெளிக்குப் பிறகு தொடங்கிய பயணத்தின் இரண்டாவது இரவிலேயே, சிகாகோவில், ஸாக்கின் குதிகால் தசைநார் அறுந்தது. எட்டு சதவீதம்தான் ஒட்டிக்கொண்டிருந்தது என்று பிறகு அவரே எழுதினார். மேடை முழுக்கத் துள்ளித் திரிந்த மனிதர் அவர். நிறுத்திவிடுவார் என்றுதான் நினைத்தேன். ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்தபடி ஊர் ஊராகப் பாடினார். கடைசியில் நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் ஐந்து இரவுகள். அந்தக் காணொளிகளை எத்தனை முறை பார்த்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. கால் அசையவில்லை. குரலில் மட்டும் 1993-இல் டேப் ஒட்டி அடைத்துவைத்த அத்தனை கோபமும் இருக்கிறது.

ஆகஸ்ட் 14-க்குப் பிறகு நால்வரும் ஒன்றாக மேடை ஏறவில்லை. இனிக் கச்சேரி இல்லை என்று 2024 தொடக்கத்தில் பிராட் வில்க் அறிவித்தார். பிரியாவிடைக் கச்சேரிகூடக் கிடையாது. எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை.