லத்தீன் படிக்க எந்தப் புத்தகம்?

லத்தீன் படிக்கணும், எதில் ஆரம்பிக்கலாம் என்று இந்த மாதத்தில் மட்டும் மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். ஒருவர் தாவரவியல் மாணவி, ஒருவர் குருமடத்தில் சேர்ந்திருக்கும் தம்பி, இன்னொருவர் பணி ஓய்வு பெற்ற ஆசிரியர். மூவருக்கும் சேர்த்து இங்கேயே எழுதிவிடுகிறேன்.

ஹான்ஸ் ஓர்பெர்க் எழுதிய ‘லிங்குவா லத்தீனா பெர் சே இல்லுஸ்த்ராத்தா’ வாங்குங்கள். அதன் முதல் பாகம் ‘ஃபமிலியா ரோமானா’. தன்னைத் தானே விளக்கிக்கொள்ளும் லத்தீன் என்பதுதான் தலைப்பின் பொருள். டென்மார்க்காரரான ஓர்பெர்க் இதன் முதல் வடிவத்தை 1955இல் கொண்டுவந்தார். மொத்தம் 35 பாடங்கள். எதிலும் ஆங்கில விளக்கம் கிடையாது.

பயப்படாதீர்கள். முதல் பாடத்தில் ரோமப் பேரரசின் வரைபடம் இருக்கும். ‘கோர்சிக ஈன்சுல எஸ்த்’ என்று படித்துவிட்டு வரைபடத்தைப் பார்த்தால் கடலுக்கு நடுவே கோர்சிகா. தீவு என்று புரிந்துவிடும். பிறகு சர்தீனியாவும் சிசிலியும் சேர்ந்துகொள்ள, ‘ஈன்சுலை சுந்த்’. பன்மை எப்படி வருகிறது என்று யாரும் பாடம் நடத்தவில்லை, ஆனால் தெரிந்துவிட்டது. ஓரத்தில் சின்னப் படங்களும், இதற்கு இது எதிர்ச்சொல் என்று காட்டும் அம்புக்குறிகளும் இருக்கும். அவ்வளவுதான் அகராதி.

நான் முதலில் இப்படிப் படிக்கவில்லை. ஆங்கில வழி இலக்கணப் புத்தகம் ஒன்றை வைத்துக்கொண்டு எட்டு மாதம் ‘அமோ, அமாஸ், அமத்’ (நேசிக்கிறேன், நேசிக்கிறாய், நேசிக்கிறான்) என்று வாய்ப்பாடு ஒப்பித்தேன். அட்டவணையெல்லாம் மனப்பாடம். ஒரு பக்கத்தை எடுத்து வாசிக்கச் சொன்னால் முடியவில்லை. ஒவ்வொரு வரியையும் உடைத்து ஆங்கிலமாக்கி, அதைத் தமிழில் யோசித்து, மறுபடி லத்தீனுக்கு வந்துகொண்டிருந்தேன்.

தமிழர்களுக்கு இந்தச் சுற்றுவழி தேவையே இல்லை என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். மூன்றாம் பாடத்தில் யூலியா பாடுகிறாள், அண்ணன் மார்க்குஸுக்கு அது பிடிக்கவில்லை. ‘மார்க்குஸ் யூலியம் புல்சத்.’ மார்க்குஸ் யூலியாவை அடிக்கிறான். நம் ‘ஐ’ உருபு நிற்கும் இடத்தில் அங்கே ‘ம்’ நிற்கிறது. வினைமுற்று கடைசியில். சொல்லுக்குச் சொல் நம் வாக்கியம்! இதை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோய்ச் சொற்களை இடம் மாற்றித் திரும்பக் கொண்டுவருவது வீண்வேலை.

அடுத்தது குறில், நெடில். ‘வெனித்’ என்றால் வருகிறான், ‘வேனித்’ என்றால் வந்தான். ‘மலும்’ தீமை, ‘மாலும்’ ஆப்பிள். ‘இத்தலிய’ என்று குறிலில் முடிந்தால் எழுவாய், ‘இன் இத்தலியா’ என்று நீண்டால் இத்தாலியில். ஓர்பெர்க் நெடிலுக்கு மேல் கோடு போட்டிருப்பார். பலர் அந்தக் கோட்டைக் கவனிக்காமல் தாண்டிப்போகிறார்கள். நமக்கு அது ஒன்றாம் வகுப்பிலேயே காதில் ஏறிய வித்தியாசம். எகரத்தையும் ஏகாரத்தையும் எழுத்தில் பிரித்துக் காட்டியவராகச் சொல்லப்படும் வீரமாமுனிவர், கொடுந்தமிழுக்கு, அதாவது பேச்சுத் தமிழுக்கு, இலக்கணம் எழுதியது லத்தீனில்தான். 1738இல் தரங்கம்பாடியில் அச்சானது. என்றாவது ஒருநாள் அதை மூலத்திலேயே வாசிக்க வேண்டும் என்பது என் ஆசை.

கேம்பிரிட்ஜ் பாடநூல் எப்படி என்று ஆசிரியர் கேட்டிருந்தார். 1970இல் வரத் தொடங்கியது, பொம்பேய் நகரத்துக் கைக்கிலியுஸ் குடும்பத்தின் கதை, நல்ல கதை. ஆனால் விளக்கமெல்லாம் ஆங்கிலத்தில். இரண்டாவதாக வைத்துக்கொள்ளலாம்.

ஓர்பெர்க் புத்தகமும் போகப்போகச் செங்குத்தாக ஏறும். பத்துப் பாடம் தாண்டியதும் பலர் திணறுகிறார்கள். அப்போது முன்னால் ஓடாமல் பின்னால் போய்ப் பழைய பாடங்களை மறுபடி வாசியுங்கள். ‘கொல்லோக்வியா பெர்சோனாரும்’ என்ற துணைநூல் முதல் 24 பாடங்களுக்கு ஒட்டிவருகிறது, அதையும் வாசியுங்கள். எஜமானின் பணத்தைத் திருடிக்கொண்டு ஓடிய அடிமை மேதுஸ், 16ஆம் பாடத்தில் காதலியோடு கப்பலில் போகும்போது புயல் வருகிறது. அங்கே நான் அகராதியை மறந்தேன்.

ஒரே ஒரு வேண்டுகோள், வரிக்கு மேலே தமிழ் அர்த்தத்தைப் பென்சிலால் எழுதாதீர்கள். எழுதினால் கண் அங்கேதான் போகும். பாட முடிவில் ‘பென்சும்’ என்று மூன்று பயிற்சிகள் இருக்கும், மூன்றாவதில் கேள்விகளுக்கு லத்தீனிலேயே பதில் எழுத வேண்டும். அதைத் தவிர்க்காதீர்கள்.

குருமடத் தம்பிக்கு: கத்தோலிக்க வழிபாட்டில் கேட்கும் திருச்சபை உச்சரிப்பிலேயே வாசிக்கலாம், புத்தகம் ஒன்றுதான். வாய்விட்டு வாசியுங்கள். மூன்றாம் பாடம் முடிந்ததும் யூலியா ஏன் அழுதாள் என்று எனக்கு லத்தீனில் எழுதி அனுப்புங்கள்.