பழைய இரும்பை எடைக்குப் போடச் சொன்ன அண்ணனுக்கு

ஞாயிற்றுக்கிழமை நம் பழைய மாணவர் குரூப்பில் நடந்ததைப் பார்த்தவர்களுக்கு முன்கதை தேவையில்லை. களை வெட்டும் என் பிரஷ் கட்டர் மெஷினில், பெட்ரோலைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் கார்புரேட்டரைப் படம் எடுத்துப் போட்டு, "இ20 ஊத்துனதுல இருந்து இப்படி, வேற யாருக்காவது ஆச்சா?" என்று கேட்டேன். இ20 என்றால் இப்போது பங்கில் ஊற்றுகிற, இருபது சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல்; எத்தனால் என்பது கரும்பு, தானியத்திலிருந்து எடுக்கும் ஆல்கஹால். அவ்வளவுதான் கேட்டேன். அரை மணி நேரத்தில் நான் தேசத் துரோகி, கரும்பு விவசாயி வயிற்றில் அடிப்பவன். கடைசியில் ஒரு அண்ணன் வந்து தீர்ப்பு எழுதினார்: "பழைய இரும்பையெல்லாம் எடைக்குப் போட்டுட்டு புதுசு வாங்கு தம்பி." அதற்குக் கைதட்டல் வேறு.

கோபப்படாமல் சொல்கிறேன். எத்தனால் மேல் எனக்கு எந்தப் பகையும் இல்லை. பெட்ரோல் பங்கில் ஒரு குழாயில் இருபது சதவீதம் வரட்டும், இன்னொன்றில் பத்து சதவீதம் வரட்டும். எதில் எது வருகிறது என்று கண்ணுக்குத் தெரிகிற மாதிரி எழுதி ஒட்டட்டும். என் வண்டிக்கு எது என்று நான் பார்த்துக்கொள்கிறேன். இதைக் கேட்பது துரோகமா?

இது என் சொந்த யோசனையும் இல்லை. 2021-இல் மத்திய அரசின் கொள்கைக் குழுவான நிதி ஆயோக் வெளியிட்ட எத்தனால் அறிக்கையிலேயே, பழைய வண்டிகளுக்காகப் பத்து சதவீத பெட்ரோலும் கிடைக்க வேண்டும் என்று இருக்கிறது. கலந்த பெட்ரோலின் விலை குறைவாக இருக்க வேண்டும் என்றும் இருக்கிறது. பழைய வடிவமைப்பு கார்களில் மைலேஜ் 6 முதல் 7 சதவீதம் வரை விழும் என்றும் அதே அறிக்கைதான் சொல்கிறது. நம் குரூப் விஞ்ஞானிகள் இதைத்தான் வதந்தி என்றார்கள். ஒரு லிட்டர் எத்தனாலில் பெட்ரோலைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு சக்தி குறைவு. சக்தி குறைந்தால் மைலேஜ் குறையும், இதில் அரசியல் எங்கே வந்தது? விலையாவது குறைந்ததா என்றால், 2025 ஜூலைக் கணக்கில் எத்தனாலின் சராசரி கொள்முதல் விலையே லிட்டர் 71.32 ரூபாய். சுத்திகரித்த பெட்ரோலைவிட அதுதான் அதிகம் என்று அரசே சொல்லிவிட்டது.

காரை விடுங்கள், அதிலாவது கலவையைக் கொஞ்சம் சரிசெய்துகொள்ள ஒரு கம்ப்யூட்டர் இருக்கிறது. பிரஷ் கட்டருக்கு என்ன இருக்கிறது? கையகல கார்புரேட்டர், அதற்குள் டயாபிரம் என்று ஒரு மெல்லிய ரப்பர் சவ்வு. எங்கள் தென்னந்தோப்பில் மழைக்குப் பின் களை வெட்ட அதை எடுப்போம், அப்புறம் மாதக்கணக்கில் மோட்டார் ரூம் மூலையில் கிடக்கும். எத்தனால் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும். அளவு மீறினால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து டேங்கின் அடியில் தங்கும், இந்த டூ-ஸ்ட்ரோக் எஞ்சினுக்காகப் பெட்ரோலில் கலந்து ஊற்றிய ஆயில் மேலே பெட்ரோலோடு நின்றுவிடும். குழாய் உறிஞ்சுவது அடியிலிருந்து. பிஸ்டன் ஆயில் இல்லாமல் ஓடும். பொள்ளாச்சியில் நான் கொடுக்கும் மெக்கானிக் பிரித்துப் பார்த்துவிட்டு, "டயாபிரம் விறைச்சுப் போச்சுங்ணா, இப்ப வர்ற பெட்ரோலு அப்படி" என்றார். அவர் எந்த வெளிநாட்டு லாபியில் இருக்கிறார் என்று விசாரித்துச் சொல்கிறேன்.

அமெரிக்காவில் பதினைந்து சதவீதம் கலந்த பெட்ரோல் குழாயிலேயே ஆரஞ்சு நிற ஸ்டிக்கர் ஒட்டியிருப்பார்கள்: 2001-க்கு முந்தைய கார், படகு, பெட்ரோலில் ஓடும் கருவி எதிலும் ஊற்றாதே, சட்டப்படி தடை. அங்கே பதினைந்துக்கே அப்படி, இங்கே இருபதுக்கு நான் வாயைத் திறக்கக்கூடாது.

"பிரேசிலைப் பார்" என்பார்கள். பார்த்தேன். அங்கே 2003 முதலே எதை ஊற்றினாலும் ஓடுகிற ஃபிளெக்ஸ் வண்டிகள் வந்துவிட்டன, பங்கில் தனி எத்தனால் குழாயும் உண்டு. விலையைப் பார்த்து ஓட்டுபவனே முடிவு செய்கிறான். நான் கேட்பதும் அதைத்தான்!

"இ20-க்கு எதிரான வழக்கை உச்ச நீதிமன்றமே தள்ளுபடி செய்துவிட்டது." ஆமாம், 2025 செப்டம்பர் 1. அதனால் என் டயாபிரம் இளகிவிடவில்லை.

"அந்நியச் செலாவணி மிச்சம்." சரி, நல்ல விஷயம்தான், மறுக்கவில்லை.

"கரும்பு விவசாயி." நானும் மண்ணில் நிற்பவன்தான் ஐயா. இப்போது எத்தனாலுக்குக் கரும்பைவிட மக்காச்சோளமும் அரிசியும்தான் அதிகம் போகின்றன. 2025-இல் இந்திய உணவுக் கழகத்தின் அரிசி குவிண்டால் 2,250 ரூபாய்க்கு எத்தனால் ஆலைக்குப் போனது. இதைக் குரூப்பில் எழுதியபோது ஒருவரும் பதில் சொல்லவில்லை, ஒரு கும்பிடு ஸ்டிக்கர் மட்டும் வந்தது.

இ20-க்கு எதிரான பேச்சைக் காசு கொடுத்து நடத்தும் பிரசாரம் என்றார் அமைச்சர் நிதின் கட்கரி. எனக்கு வர வேண்டியதை யார் அமுக்கிக்கொண்டார்களோ தெரியவில்லை.

அண்ணன் சொன்ன "பழைய இரும்பு" பற்றியும் சொல்லிவிடுகிறேன். என் கார் 2012 மாடல். கடனில் வாங்கி, தேங்காய் விலை படுத்த வருடங்களிலும் தவணை தவறாமல் கட்டியது. சாலை வரியை முதலிலேயே மொத்தமாக வாங்கிக்கொண்டார்கள், ஆர்சி 2027 வரை செல்லும். வரி வாங்கியபோது இரும்பாகத் தெரியவில்லை. பத்து சதவீதத்துக்கு மேல் எத்தனால் கூடாது என்று அந்தக் காரோடு வந்த புத்தகத்தில் அச்சடித்திருக்கிறது. அதை எழுதியது நானா? புதுக் கார் வாங்கக் காசு இல்லாதவன் இந்த நாட்டில் பெட்ரோலைப் பற்றிப் பேசக்கூடாது என்றால் அதையும் ஸ்டிக்கர் அடித்துப் பங்கில் ஒட்டிவிடுங்கள்.

இதில் கூத்து, அன்று இரவே ஏழெட்டுப் பேர் தனியாக மெசேஜ் அனுப்பினார்கள். "நீ சொல்றது சரிதான் மச்சான், எனக்கும் அதே பிரச்சனை, குரூப்ல எதுக்கு வம்பு." ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர்கள். அண்ணன் திட்டியதைக்கூட மறந்துவிடுவேன். நீங்கள் கைதட்டிவிட்டு இன்பாக்ஸில் வந்ததுதான் ஆறவில்லை.

அண்ணன் இதைப் படிப்பார் என்று தெரியும். பொள்ளாச்சி சுற்றுவட்டாரத்தில் எந்த பங்கில் பத்து சதவீத பெட்ரோல் கிடைக்கும் என்று மட்டும் கீழே எழுதுங்கள் அண்ணா. எத்தனால் இல்லை என்று சொல்லி எக்கச்சக்க விலைக்கு விற்கும் நூறு ஆக்டேன் பெட்ரோலைக் காட்டாதீர்கள், அது களை வெட்டுகிறவனுக்கு இல்லை. "வண்டியை மாத்து" என்று மறுபடி எழுதினால் கமெண்டை அழித்துவிடுவேன்.