கற்பூர முடிச்சு ஃப்ளூவைத் தடுக்காது

"கற்பூரத்தையும் ஏலக்காயையும் கைக்குட்டையில் முடிந்து அடிக்கடி முகர்ந்தால் பன்றிக் காய்ச்சல் அண்டாது." பன்றிக் காய்ச்சலைத் தரும் ஃப்ளூ வைரஸான எச்1என்1 பரவும்போதெல்லாம் வாட்ஸ்அப்பில் சுற்றும் இந்தத் தகவல் தவறு.

கற்பூர வாசனை மூக்கில் குளிர்ச்சியை உணரும் நரம்புகளைத் தூண்டுவதால் அடைப்பு விட்டதுபோலத் தோன்றும். உள்ளே வீக்கம் அப்படியேதான் இருக்கும். வைரஸோ மூக்கு, தொண்டை செல்களுக்குள் பெருகுவது. வாசனை அதை ஒன்றும் செய்யாது. சளி ஒட்டிய முடிச்சை வீட்டில் ஆளாளுக்கு வாங்கி முகர்ந்தால் தொற்று பரவ அதுவே வழியாகும். அதைவிட மோசம், சூடத்தைக் குழந்தை விழுங்கினால் சில நிமிடங்களிலேயே வலிப்பு வரலாம். பிள்ளையின் கழுத்தில் கட்டிவிடவே வேண்டாம்.

ஃப்ளூ, அறிகுறி தெரிவதற்கு ஒரு நாள் முன்பே பரவத் தொடங்கி, பிறகு 5 முதல் 7 நாள் வரை பரவும். குழந்தைகளிடம் இன்னும் நீளும். பாராசிட்டமால் கொடுத்து, சூடு இறங்கியதும் பள்ளிக்கு அனுப்புவதுதான் பலர் செய்யும் தப்பு. மாத்திரை இல்லாமலே 24 மணி நேரம் காய்ச்சலின்றி இருந்த பிறகே அனுப்ப வேண்டும்.

நோயாளி மாஸ்க் போடட்டும், மூக்குக்குக் கீழே இறக்காமல். எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்து வையுங்கள். கையைச் சோப்புப் போட்டு 20 விநாடி தேய்க்கவும். கட்டைவிரலும் நக இடுக்கும்தான் பெரும்பாலும் விட்டுப்போகும்.

கர்ப்பிணிகள், முதியவர்கள், ஆஸ்துமா, சர்க்கரை நோய் உள்ளவர்கள் காத்திருக்காமல் மருத்துவரைப் பார்க்க வேண்டும். ஃப்ளூ வைரஸுக்கு எதிரான மருந்தான ஓசல்டாமிவிரை, அறிகுறி தொடங்கிய முதல் 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் அதிகப் பலன். வீட்டில் மிச்சமிருக்கும் ஆன்டிபயாடிக் வைரஸைத் தொடாது. தடுப்பூசி ஆண்டுதோறும் தேவை. போட்டு 2 வாரம் கழித்தே பாதுகாப்பு கிடைக்கும்.