தரைதட்டிய கப்பலும் ஒரு குச்சிப்பூச்சியும்

ஆஸ்திரேலியாவுக்குக் கிழக்கே கடலில் இருக்கும் லார்ட் ஹோவ் தீவைப் பற்றிய உங்கள் கட்டுரை, அதன் பவளத்திட்டையும் கென்டியா பனைகளையும் அழகாகவே காட்டுகிறது. எலிகளை மட்டும் ஒரே வரியில் கடந்துவிட்டது எனக்கு வருத்தம். 1918-இல் மகாம்போ என்ற கப்பல் அங்கே தரைதட்டியபோது கரையேறியவை அந்தக் கறுப்பு எலிகள். சில ஆண்டுகளிலேயே அவற்றால் அந்தத் தீவுக்கே உரிய ஐந்து பறவையினங்கள் அழிந்தன. ஒரு சாண் நீளம்கூட இல்லாத, பளபளக்கும் கரிய குச்சிப்பூச்சியும் அற்றுப்போனதாகவே எல்லோரும் நம்பினார்கள்.

2001-இல், தீவிலிருந்து இருபது கிலோமீட்டருக்கு அப்பால், கடலிலிருந்து 550 மீட்டர் உயரத்துக்கு எழும் பால்ஸ் பிரமிட் என்ற பாறையில், ஒரு புதருக்கடியில் அதே இனத்தின் 24 பூச்சிகள் உயிரோடு இருந்தன! இறக்கையில்லாத உயிர், எரிமலையின் எச்சமான அந்த மொட்டைப் பாறையில் எண்பது ஆண்டுகள் தாக்குப்பிடித்திருக்கிறது. 2003-இல் இரண்டு இணைகளைக் கொண்டுவந்தார்கள். ஓர் இணை பிழைக்கவில்லை. மெல்போர்ன் விலங்குக் காட்சிசாலைக்குப் போன இணையின் பெண்ணும் நோயுற்றது. சொட்டுச் சொட்டாக மருந்து புகட்டி மீட்டார்கள். அதன் வழிவந்தவை இன்று ஆயிரக்கணக்கில் இருக்கின்றன.

2019-இல் தீவில் எலி ஒழிப்புப் பணி நடந்தது. ஒரு காலத்தில் முப்பதுக்கும் குறைவாகச் சுருங்கியிருந்த, பறக்க இயலாத வுட்ஹென் என்ற அந்தத் தீவுப் பறவை அதன்பிறகு பன்மடங்கு பெருகியிருக்கிறது. அடுத்த பகுதியில் எலிகளின் இந்தக் கதையை விரிவாக எழுதுங்கள்.