அந்த அறிவிப்புப் பலகையைப் படம் எடுத்தவர்களுக்கு

மூன்று நாளாக எல்லா வாட்ஸ்அப் குழுவிலும் சுற்றுகிற அந்தப் படத்தை நான் இங்கே போடப்போவதில்லை. எதைச் சொல்கிறேன் என்று நம் பக்கத்து ஆட்களுக்குத் தெரியும். சார்பதிவாளர் அலுவலகச் சுவரில் ஒட்டியிருந்த திருமண அறிவிப்பு. பெயர், வயது, தொழில், இப்போது இருக்கும் வீடு, சொந்த ஊர் வீடு, எத்தனை நாளாகக் குடியிருக்கிறார்கள் என்பதுவரை எல்லாம் அதில் உண்டு. அவர் ஒரு மதம், இவர் ஒரு மதம். எதிர்க்கிறவர்கள் "நம்ம பொண்ணைப் பாருங்க" என்று பரப்பினார்கள். ஆதரிக்கிறவர்கள் "நம்ம வெற்றியைப் பாருங்க" என்று அதையே பரப்பினார்கள். யூடியூப் சேனல்காரர் முகவரியை மறைக்கக்கூட இல்லை.

திருமணம் என்றால் சட்டப்படி என்ன என்று விடிய விடியச் சண்டை போடுங்கள். ராமநாதபுரம் அரண்மனை வாசலில் பந்தல் போட்டுப் பேசுங்கள். ஆனால் இன்னும் கல்யாணமே முடியாத இரண்டு பேரின் வீட்டு முகவரியை வைத்துப் போடாதீர்கள்.

இந்தப் படத்தைப் பற்றி நடந்த மேடை விவாதத்தில் "பலகையில் ஒட்டினாலே பொதுத் தகவல்தானே" என்று ஒருவர் சொன்னார். 1954ஆம் ஆண்டு சிறப்புத் திருமணச் சட்டத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டுச் சொல்லியிருக்கலாம். இருவரில் ஒருவராவது 30 நாளுக்குக் குறையாமல் குடியிருக்கும் மாவட்டத்தில்தான் அறிவிப்பு கொடுக்க முடியும். அது பதிவேட்டில் ஏறும், நகல் அலுவலகத்தில் ஒட்டப்படும். நிரந்தர முகவரி வேறு மாவட்டம் என்றால் அங்கேயும் ஒரு நகல் போய் அங்கேயும் ஒட்டுவார்கள். அடுத்த 30 நாளில் யாரும் ஆட்சேபிக்கலாம். ஆனால் எதற்கு ஆட்சேபிக்கலாம்? ஏற்கெனவே கணவனோ மனைவியோ உயிரோடு இருப்பது, மனநிலை காரணமாகச் சம்மதம் செல்லாமல் போவது, ஆணுக்கு 21, பெண்ணுக்கு 18 நிரம்பாதது, விலக்கப்பட்ட நெருங்கிய உறவு. அவ்வளவுதான். மதம் அதில் இல்லை, சாதி இல்லை, அப்பா அம்மாவின் சம்மதமும் இல்லை. ஆட்சேபணை வந்தால் அதிகாரி 30 நாளுக்குள் விசாரித்து முடிவு சொல்ல வேண்டும். நியாயமில்லாத, நல்லெண்ணமில்லாத ஆட்சேபணை என்று தெரிந்தால் ஆட்சேபித்தவர்மீது 1000 ரூபாய் வரை செலவுத்தொகை போடலாம். ஒரு குடும்பத்தை ஊரைவிட்டு ஓட வைப்பதற்குச் சட்டம் வைத்திருக்கும் அதிகபட்ச விலை அது.

அறிவிப்பு கொடுத்தவர்களின் வீட்டுக்கு அதிகாரி கடிதம் அனுப்பச் சட்டத்தில் எங்கேயும் சொல்லவில்லை. அப்படி அனுப்புவது தவறு என்று டெல்லி உயர்நீதிமன்றம் 2009இலேயே சொல்லியாயிற்று. அறிவிப்புகளை இணையதளத்தில் ஏற்றிக்கொண்டிருந்த கேரளா, மதவெறிக் குழுக்கள் அவற்றை எடுத்துப் பரப்புவதைப் பார்த்துவிட்டு 2020இல் நிறுத்திக்கொண்டது. அந்தக் குழுக்கள் செய்ததைத்தான் இப்போது நம் தோழர்களும் செய்திருக்கிறார்கள். இதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"சர்ச்சில் மூணு ஞாயிறு கல்யாண ஓலை வாசிக்கிறாங்க, ஜமாத்துக்கும் தெரியாம நிக்காஹ் நடக்கிறதில்லை, இதுல மட்டும் என்ன?" என்று கேட்பீர்கள். ஓலையைக் கேட்பது பிள்ளைகள் வளர்ந்த அதே பங்கு மக்கள். கல்யாணத்துக்கு வந்து சாப்பிடப்போகிறவர்கள். பலகையைப் படம் எடுத்தவருக்கு அந்தப் பெண்ணோடு என்ன உறவு?

"சுயமரியாதைத் திருமணம் செய்துகொள்ளலாமே" என்பது அடுத்த கேள்வி. அதை அனுமதிக்கும் இந்து திருமணச் சட்டத்தின் 7ஏ பிரிவு நம் மண்ணில் விளைந்தது. 1928இல் அருப்புக்கோட்டைப் பக்கம் சுக்கிலநத்தத்தில் புரோகிதர் இல்லாமல் கல்யாணம் நடந்தபோது அது பழைய ராமநாதபுரம் மாவட்டம். 1953இல் சென்னை உயர்நீதிமன்றம் அப்படிப்பட்ட கல்யாணம் செல்லாது என்றது. 1967இல் அண்ணா அரசு சட்டம் கொண்டுவந்து, முன்னால் நடந்தவற்றையும் சேர்த்தே செல்லும் என்றாக்கியது. எனவே "காலம் காலமாக மாறாத இலக்கணம்" என்று மேடையில் முழங்குகிறவர்கள் கொஞ்சம் படித்துவிட்டு வரலாம். ஆனால் அந்தக் கதவு, சட்டம் இந்து என்று கணக்கெடுக்கும் இரண்டு பேருக்குத்தான். கீழக்கரை முஸ்லிம் பெண்ணுக்கும் தங்கச்சிமடத்துக் கிறிஸ்தவப் பையனுக்கும், மதம் மாறாமல் சேர வேண்டும் என்றால், சட்டத்தில் உறுதியான வழி இந்தப் பலகைதான்.

மதமாற்றத்தை எதிர்த்துக் கொடி பிடிக்கிறவர்கள் இதை ஒரு நிமிடம் யோசியுங்கள். மதம் மாறிக்கொண்டால் கல்யாணம் சீக்கிரம் முடிந்துவிடும். அவரவர் மதத்தில் அப்படியே இருக்கிறோம் என்றால்தான் 30 நாள் சுவரில் தொங்க வேண்டும். பயந்த பிள்ளைகள் எந்த வழியில் போவார்கள்? இந்த அறிவிப்பை ஒழிக்கச் சொல்லி முதலில் கத்த வேண்டியவர்கள் நீங்கள்தான். கட்டாயமில்லை, விரும்பினால் மட்டும் வெளியிடட்டும் என்று அலகாபாத் உயர்நீதிமன்றம் 2021இல் சொன்னது. அது நம் மாநிலத்தைக் கட்டுப்படுத்தாது.

கடற்கரைப் பிள்ளைகளுக்கு இன்னொரு சிக்கல். ஏப்ரல் 15இலிருந்து 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுக்குப் போகிற பையன் அப்போதுதான் கரையில் இருப்பான், அப்போதுதான் அறிவிப்பு கொடுப்பார்கள். இடையில் மிரட்டல் வந்து பெண்ணை மதுரை விடுதிக்கு அனுப்பிவிட்டால், தேதி தள்ளிப்போகும், பையன் மறுபடி கடலுக்குப் போயிருப்பான். அறிவிப்பு கொடுத்து மூன்று மாதத்துக்குள் கல்யாணம் முடியாவிட்டால் அது காலாவதி. மறுபடி மனு, மறுபடி 30 நாள், மறுபடி அந்தச் சுவர். ஒரு படத்தைப் பகிர்வதால் இவ்வளவும் நடக்கும்.

"பெரிய போராட்டத்தில் இதெல்லாம் சின்ன விஷயம்" என்று எனக்குத் தனியே செய்தி அனுப்பியவருக்கு: பெரிய போராட்டங்கள் எப்படி நடந்தன என்று பாருங்கள். 2018இல் தூத்துக்குடி கோயிலில் ஒரு திருநங்கைக்கும் ஒரு இளைஞருக்கும் கல்யாணம் நடந்தது. பதிவு செய்ய மறுத்தார்கள். அவர்களே முன்வந்து, தங்கள் பெயரிலேயே உயர்நீதிமன்ற மதுரைக் கிளைக்குப் போனார்கள். மணமகள் என்பதில் திருநங்கையும் அடக்கம் என்று 2019 ஏப்ரலில் தீர்ப்பு வந்தது. 2023 அக்டோபர் 17இல் ஒருபாலினத் திருமணத்தை ஏற்க மறுத்த உச்ச நீதிமன்ற அமர்வுகூட, எதிர்பாலின உறவில் இருக்கும் திருநர்களின் திருமண உரிமையை ஒப்புக்கொண்டது. அங்கேயெல்லாம் வழக்குப் போட்டவர்கள் தாங்களே போட்டார்கள். இந்த இருவர் எந்த வழக்கும் போடவில்லை, எந்த மேடையையும் கேட்கவில்லை. அவர்களைக் கேட்காமல் கொடியாக்கிவிட்டு என்னைப் பார்த்து "நீ யார் பக்கம்" என்கிறீர்கள். வலிக்கிறது.

படம் வைத்திருக்கும் குழு அட்மின்கள் இன்றைக்கே அழியுங்கள். உதவ நினைப்பவர்களுக்கு வேலை இருக்கிறது. மதம் கடந்த, சாதி கடந்த இணைகளைப் பாதுகாக்க மாவட்டந்தோறும் தனிப்பிரிவு வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2018 மார்ச்சில் உத்தரவிட்டிருக்கிறது. எஸ்.பி. அலுவலகத்தில் அந்தத் தீர்ப்பைக் குறிப்பிட்டு மனுக் கொடுக்க அந்த இருவருக்குத் துணையாகப் போங்கள், ஒப்புகைச் சீட்டு வாங்காமல் திரும்பாதீர்கள். கல்யாண நாளில் மூன்று சாட்சிகள் வேண்டும். சொந்தக்காரர்கள் இனி வரமாட்டார்கள். மேடையில் பேசியவர்களில் மூன்று பேர் ஆதாரோடு வந்து கையெழுத்துப் போடட்டும். அன்றைக்கும் யாரும் போனை எடுக்க வேண்டாம்.