தொடாமல் பார்க்கவே முடியாதா?

பொள்ளாச்சிப் பக்கம் எங்கள் ஊருக்குப் பழைய கார்கள் வரும் நாள் எனக்குத் திருவிழா. ஆனால் பார்க்க வருகிறவர்கள் ஏன் எல்லாவற்றையும் தொட வேண்டும்? ஒருவர் பானட்டில் இளநீரை வைக்கிறார். இன்னொருவர் குழந்தையை அதன் மேலேயே உட்கார வைக்கிறார். கேட்காமலே கதவைத் திறந்து ஹாரனை அமுக்குகிறார்கள். ஐயா, அது 1960களில் சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு! முன்பக்கம் மொத்தமும் ஒரே மூடியாகத் திறக்கிற வண்டி. சாய்ந்து நசுக்கினால் எந்தக் கடையில் போய் வாங்குவது? கம்பெனியை மூடி எத்தனை வருஷமாச்சு!

அப்புறம் அந்தக் கேள்வி, காலையிலிருந்து நூறு தடவை: "மைலேஜ் எவ்வளவு கொடுக்கும்?"

சந்தையில் காளையைப் பார்த்தால் மட்டும் நாலடி தள்ளி நிற்கத் தெரிகிறதே! காருக்குக் கொம்பு இல்லை என்றுதானே இவ்வளவு தைரியம்?