மதிப்பெண்ணையும் காட்டமாட்டார்கள், குடித்ததையும் சொல்லமாட்டார்கள்

ஆகஸ்ட் வந்தால் அமெரிக்கத் தமிழ்ப் பெற்றோர் குழுக்களில் ஒரே புலம்பல்தான். "பணம் கட்டுவது நாம். மதிப்பெண்ணைக் கேட்டால் மட்டும் சட்டம் இடம் தராது என்கிறார்கள்." இந்த முறை அதோடு இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. குழுவில் இருக்கும் ஒருவரின் மகன் முதலாண்டில் விடுதி அறையில் பீருடன் பிடிபட்டிருக்கிறான். விசாரணை, எச்சரிக்கைக் கடிதம், மதுவைப் பற்றிய இணைய வகுப்பு என்று எல்லாம் நடந்து முடிந்து, கோடை விடுமுறையில் அவன் வாய்தவறி உளறிய பிறகுதான் வீட்டுக்கே தெரிந்தது. கொதித்துவிட்டார் மனிதர். "எனக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பினால் குறைந்தா போய்விடுவார்கள்?" என்று அவர் கேட்க, குழுவே ஆமாம் போட்டது. நான் போடவில்லை. அங்கே எழுதினால் சண்டையாகும் என்பதால் இங்கே எழுதுகிறேன். இங்கேயும் ஆகும், பரவாயில்லை.

முதலில் சட்டம். கல்லூரி அலுவலகங்களே இதைப் பாதிதான் சொல்கின்றன. ஃபெர்பா என்று சுருக்கமாக அழைக்கப்படும் கல்விப் பதிவுகளின் தனியுரிமைச் சட்டம் 1974-இல் வந்தது. பிள்ளைக்குப் பதினெட்டு வயதானாலோ, அதற்கு முன்பே கல்லூரியில் காலெடுத்து வைத்தாலோ, பதிவுகளின் மீது அதுவரை பெற்றோருக்கு இருந்த உரிமை பிள்ளையின் கைக்குப் போய்விடுகிறது. ஆனால் அதற்காகப் பெற்றோரிடம் எதையுமே சொல்லக்கூடாது என்று சட்டம் சொல்லவில்லை. வரிக் கணக்கில் பிள்ளையை உங்களைச் சார்ந்தவராகக் காட்டியிருந்தால் கல்லூரி உங்களுக்குப் பதிவுகளைத் தரலாம். உயிருக்கோ உடல்நலத்துக்கோ ஆபத்து என்றால் சொல்லலாம். 1998 முதல், மது அருந்தச் சட்டம் அனுமதிக்கும் இருபத்தொரு வயது நிரம்பாத மாணவர் மது, போதைப்பொருள் விதிகளை மீறியதாகக் கல்லூரி முடிவுசெய்தால் அதையும் சொல்லலாம். மூன்றுக்கும் அனுமதி உண்டு, கட்டாயம் கிடையாது. ஆக, நண்பரின் மகன் விஷயத்தில் கல்லூரியின் கையைச் சட்டம் கட்டிப்போடவில்லை. முதல் முறை, சிறிய மீறல், வீட்டுக்குச் சொல்ல வேண்டியதில்லை என்று கல்லூரியே எடுத்த முடிவு அது. முதல் தடவையே கடிதம் எழுதிவிடும் கல்லூரிகளும் இருக்கின்றன. நான் பிள்ளையைச் சேர்க்கும் கல்லூரி, வீட்டுக்குச் சொல்லாமல் விடும் வகையாக இருக்கவேண்டும் என்றுதான் விரும்புவேன்.

அந்த 1998 சட்டம் எந்தச் சூழலில் வந்தது என்பதையும் பார்க்க வேண்டும். அதற்கு முந்தைய ஆண்டு எம்.ஐ.டி.யில் சேர்ந்த சில வாரங்களிலேயே, பதினெட்டு வயது முதலாண்டு மாணவர் ஒருவர் அளவுக்கு மீறிக் குடிக்கவைக்கப்பட்டு இறந்துபோனார். நாடே அதிர்ந்தது. பெற்றோருக்குச் சொல்லும் அனுமதி அந்தக் கவலையில் பிறந்தது, அதைக் குறை சொல்லமாட்டேன். ஆனால் அதே சட்டத் தொகுப்பில் இன்னொரு பிரிவும் இருந்தது: போதைப்பொருள் வழக்கில் தண்டனை பெற்ற மாணவருக்கு அரசின் கல்வி நிதியுதவி நிறுத்தப்படும். வசதியான வீட்டுப் பிள்ளைக்கு அதனால் ஒரு நஷ்டமும் இல்லை. நிதியுதவியை நம்பியிருந்தவனுக்குப் படிப்பே நின்றது. 2020 டிசம்பரில் வந்த சட்டம்தான் அந்தப் பிரிவுக்கு முடிவுகட்டியது. பயமுறுத்தினால் பிள்ளைகள் திருந்திவிடுவார்கள் என்று சட்டம் போடுவது சுலபம், அதைத் திரும்பப் பெறுவதற்கு ஒரு தலைமுறை ஆகிறது.

"பெற்றோர் தூரத்தில் இருக்கும்போது கல்லூரிதானே அந்த இடத்தில் நின்று கண்டிக்க வேண்டும்?" என்று ஒரு பெரியவர் குழுவில் கேட்டிருந்தார். அமெரிக்கக் கல்லூரிகள் ஒருகாலத்தில் அப்படித்தான் நின்றன. பெண்கள் விடுதிக்கு இரவில் எத்தனை மணிக்குத் திரும்ப வேண்டும் என்பது முதல் என்ன உடுத்த வேண்டும் என்பது வரை கல்லூரிதான் தீர்மானித்தது. அந்த அதிகாரம் யார்மீது பாய்ந்தது என்று பாருங்கள். 1960-இல் அலபாமாவின் மான்ட்கமரியில், வெள்ளையருக்கு மட்டும் என்றிருந்த உணவகத்தில் உட்கார்ந்து போராடிய கறுப்பின மாணவர்களை அவர்களுடைய அரசுக் கல்லூரியே நீக்கியது. குற்றச்சாட்டு இன்னது என்று சொல்லவில்லை, விளக்கமும் கேட்கவில்லை. அடுத்த ஆண்டு, அவர்கள் தொடுத்த டிக்சன் வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம், அரசுக் கல்லூரி ஒரு மாணவரை நீக்குமுன் குற்றச்சாட்டைச் சொல்லி அவர் தரப்பைக் கேட்டாக வேண்டும் என்று தீர்ப்பளித்தது. இன்று உங்கள் பிள்ளைக்குக் குற்றச்சாட்டுக் கடிதமும் விசாரணைத் தேதியும் வருகிறதென்றால் அதற்கு வழி திறந்தவர்கள் அந்த மாணவர்கள். கல்லூரி அப்பாவாக இருந்த காலம் அப்படியொன்றும் அன்பான காலமில்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

என் மகள் இரண்டாமாண்டில் விடுதி உதவியாளராக இருந்தாள். தங்க அறை இலவசம், பதிலுக்குச் சில வார இறுதி இரவுகளில் மாடி மாடியாகச் சுற்றிவர வேண்டும். யார், எந்த அறை என்று இன்றுவரை என்னிடம் ஒரு பெயர்கூடச் சொன்னதில்லை, சொல்லவும் கூடாது. ஆனால் அந்த வேலை எப்படி நடக்கும் என்று சொல்லியிருக்கிறாள். கதவைத் தட்டியதும் உள்ளே சத்தம் சட்டென்று அடங்கும். பாட்டில் உருளும். ஜன்னல் திறக்கும். ஒரு நிமிடம் கழித்துக் கதவைத் திறப்பவன் அப்போதுதான் தூங்கி எழுந்தவன்போல் நிற்பான். அவள் அறிக்கை எழுத வேண்டும்: மணி என்ன, அறையில் எத்தனை பேர், என்ன இருந்தது, ஒத்துழைத்தார்களா. தன் கருத்து எதையும் எழுதக்கூடாது. அதை வைத்துத்தான் பிறகு விசாரணை. அங்கே நீதிமன்றம்போல் ஐயமற நிரூபிக்க வேண்டியதில்லை, நடந்திருக்கவே வாய்ப்பு அதிகம் என்று தோன்றினால் போதும்.

அவளைப் பயமுறுத்தியது அந்தச் சத்தம் அல்ல. சத்தமே வராத அறைகள்தான். உள்ளே ஒருவன் எழுப்ப எழுப்ப எழாமல் கிடப்பான், சுற்றி நிற்கும் நான்கு பேருக்கும் அவசர உதவி எண்ணான 911-ஐ அழைக்கத் தயக்கம். "தூங்கினால் சரியாகிவிடும்" என்பார்கள். சரியாகாது. வயிற்றில் இருக்கும் மது குடிப்பதை நிறுத்திய பிறகும் இரத்தத்தில் ஏறிக்கொண்டேதான் இருக்கும். மூச்சு நிமிடத்துக்கு எட்டு முறைக்கும் குறைந்தாலோ, இரண்டு மூச்சுக்கு நடுவே பத்து வினாடி இடைவெளி விழுந்தாலோ, உதடு நீலம் பாரித்தாலோ, தோல் சில்லிட்டுப்போனாலோ உடனே அழைக்க வேண்டும். மல்லாக்கப் படுத்திருந்தால் வாந்தி மூச்சுக்குழலை அடைத்துவிடும், பக்கவாட்டில் திருப்பிப் போட வேண்டும். இதெல்லாம் அந்த நான்கு பேருக்கும் தெரிந்திருக்கலாம். ஆனால் அந்த நேரத்தில் மண்டைக்குள் ஓடுவது வேறு: நாங்களும் குடித்திருக்கிறோம், இருபத்தொன்று ஆகவில்லை, உதவித்தொகை போய்விடுமா, வீட்டுக்குத் தெரிந்துவிடுமா?

அந்தக் கடைசிக் கேள்வி இருக்கிறதே, அது நாம் போட்ட கேள்வி. நண்பர் கேட்கும் மின்னஞ்சல் அந்த இரவில் அந்த அறைக்குள் இப்படித்தான் வந்து நிற்கும்.

கார்னெல் பல்கலைக்கழகம் 2002-இல் மருத்துவ மன்னிப்பு விதியைக் கொண்டுவந்தது. குடித்து ஆபத்தில் இருப்பவருக்காக உதவி கேட்டு அழைத்தால், அழைத்தவர்மீதும் அவர்மீதும் குடித்ததற்காக ஒழுங்கு நடவடிக்கை இல்லை. அதற்குப் பதிலாக, ஆபத்தில் சிக்கியவரை அழைத்து உட்காரவைத்துப் பேசுவார்கள். 2006-இல் வெளியான ஆய்வின்படி, விதி வந்த பிறகு அவசர உதவிக்கான அழைப்புகள் கூடின. மாட்டிவிடுவோமோ என்று பயந்து அழைக்காமல் விட்டதாகச் சொன்னவர்கள் குறைந்தார்கள். அப்படி மருத்துவ உதவி பெற்ற பிறகு சுகாதார மையத்தில் ஆலோசனைக்கு வந்தவர்களின் விகிதம் இரண்டு மடங்குக்கு மேல் ஆனது. மிரட்டலுக்கு வராதவர்கள் மன்னிப்புக்கு வந்திருக்கிறார்கள். போதைப்பொருள் அளவு மீறிய நிலையில் உதவி கேட்பவரைக் காக்கும் சட்டத்தை 2007-இல் முதலில் இயற்றியது நியூ மெக்சிகோ மாநிலம். பிறகு மற்ற மாநிலங்களும் தொடர்ந்தன.

எதிர்ப்பக்கத்தையும் பாருங்கள். 2017 பிப்ரவரியில் பென்ஸில்வேனியா மாநிலப் பல்கலைக்கழக மாணவர் திமோத்தி பியாஸா, ஃப்ரடெர்னிட்டி எனப்படும் மாணவர் சங்கத்தின் வீடு ஒன்றில் குடிக்கவைக்கப்பட்டு, இரவில் படிக்கட்டில் விழுந்தார். வீடு நிறைய ஆட்கள், கேமராக்களும் ஓடிக்கொண்டிருந்தன. 911-க்கு அழைப்பு போனது ஏறத்தாழ பன்னிரண்டு மணி நேரம் கழித்து, மறுநாள் காலையில். அவர் பிழைக்கவில்லை. அவருக்கு வயது பத்தொன்பது. மறுஆண்டு அவர் பெயரால் அந்த மாநிலம் இயற்றிய சட்டம் ராகிங் எனப்படும் கேலிவதைக்குத் தண்டனையைக் கூட்டியது, கூடவே உதவிக்கு அழைப்பவருக்குப் பாதுகாப்பும் தந்தது. இரண்டும் ஒரே சட்டத்தில் இருப்பதைக் கவனியுங்கள். மன்னிப்பு என்றால் எல்லாவற்றையும் விட்டுவிடுவது என்று யாரும் சொல்லவில்லை.

இந்த மன்னிப்பு விதிகளில் ஓட்டைகளும் நிறைய. சில கல்லூரிகளில் அது மதுவுக்கு மட்டும், மாத்திரைக்கு இல்லை. ஃபென்டனில் என்னும் கொடிய ஒப்பியாய்டு (ஓபியம் வகை மருந்து) கலந்த போலி மாத்திரைகள் புழங்கும் காலத்தில் இதைவிட முட்டாள்தனமான வரம்பு இருக்க முடியாது. சில இடங்களில் ஒரு தடவைதான் செல்லும். சில இடங்களில் அழைத்தவர் தப்பிப்பார், அந்த விருந்தை நடத்தியவர் மாட்டுவார், அதனால் அறைக்குச் சொந்தக்காரன் அழைக்கவிடமாட்டான். ஒப்பியாய்டு மயக்கத்தை முறிக்கும் நாலாக்ஸோன் மூக்குத் தெளிப்பான் 2023 முதல் மருந்துச்சீட்டு இல்லாமலே கிடைக்கிறது. அது விடுதியில் எந்த இடத்தில் இருக்கிறது என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாத கல்லூரி எத்தனை கடிதம் எழுதி என்ன?

தனியுரிமை என்றதும் கல்லூரிகளை மெச்சிக்கொள்வதாக நினைக்க வேண்டாம். அவர்களுக்குச் சாதகமானபோது ஃபெர்பா என்பார்கள், பாதகமானபோது அதிலுள்ள விதிவிலக்குகளைத் தேடுவார்கள். வளாகக் காவல்துறையின் பதிவுகள் ஃபெர்பாவின் பாதுகாப்புக்குள்ளேயே வராது. பெயர், முகவரி, தொலைபேசி எண் போன்றவற்றை, வேண்டாம் என்று மாணவர் எழுதிக்கொடுக்காதவரை, கல்லூரி வெளியே தரலாம். நம்மில் எத்தனை பிள்ளைகள் அந்தப் படிவத்தைக் கண்ணால் பார்த்திருக்கிறார்கள்? மிகவும் உறுத்துவது ஆலோசனை மையக் குறிப்புகள். பாலியல் வன்முறை தொடர்பாக ஓரிகன் பல்கலைக்கழகத்தின் மீது வழக்குத் தொடுத்த மாணவியின் ஆலோசனைக் குறிப்புகளை, அந்த வழக்கை எதிர்கொள்ளப் பல்கலைக்கழகமே எடுத்துக்கொண்டது 2015-இல் பெரும் சர்ச்சையானது. பிள்ளை மனம்விட்டுப் பேசியது எதிர்த்தரப்பு வக்கீலின் மேசைக்குப் போகுமென்றால் யார் அந்த மையத்தின் படியேறுவார்கள்? ஃபெர்பா மீறப்பட்டால் மாணவர் அந்தச் சட்டத்தின்கீழ் நேரடியாக வழக்குப் போடவும் முடியாது. 2002-இல் கொன்சாகா பல்கலைக்கழக வழக்கில் உச்ச நீதிமன்றமே அப்படிச் சொல்லிவிட்டது, மத்தியக் கல்வித்துறையில் புகார் கொடுக்கலாம், அவ்வளவுதான். பெற்றோர் குழுக்கள் கோபப்பட வேண்டிய இடம் இது. நாமோ பீர் பாட்டிலுக்காகக் கொதித்துக்கொண்டிருக்கிறோம்.

வளாகம் எப்படிப்பட்டது என்று தெரியவேண்டும் என்றால், பெயர் எதுவும் இல்லாமல் அதைச் சொல்லும் ஆவணம் இருக்கிறது. 1986-இல் லீஹை பல்கலைக்கழக விடுதி அறையில் கொல்லப்பட்ட ஜீன் கிளெரியின் பெற்றோர் போராடி, 1990-இல் வந்த சட்டத்தின்படி மத்திய அரசின் நிதியுதவி பெறும் ஒவ்வொரு கல்லூரியும் அக்டோபர் 1-க்குள் பாதுகாப்பு அறிக்கை வெளியிட வேண்டும். மது, போதைப்பொருள் தொடர்பாக எத்தனை பேர் கைதானார்கள், எத்தனை பேர் ஒழுங்கு நடவடிக்கைக்கு அனுப்பப்பட்டார்கள் என்று மூன்றாண்டுக் கணக்கு அதில் இருக்கும். எண்ணிக்கை கூடுதலாக இருந்தால் குடி அதிகம் என்று அவசரப்பட்டு முடிவுகட்டாதீர்கள், கண்காணிப்பு அதிகமாகவும் இருக்கலாம்.

ஊரிலிருந்து மேற்படிப்புக்கு வருகிறவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. நீங்கள் படிக்கும் அமெரிக்க மாநிலத்தில் கஞ்சா சட்டப்படி விற்கப்படலாம். மத்தியச் சட்டத்தில் அது இன்னும் தடைசெய்யப்பட்ட பொருள்தான், குடிவரவுத் துறை பார்ப்பதும் மத்தியச் சட்டத்தைத்தான். 1989-இல் வந்த சட்டத்திருத்தத்தின்படி, மத்திய அரசின் நிதி பெறும் கல்லூரிகள் வளாகத்தில் அதைத் தடைசெய்தாக வேண்டும். எஃப்-1 என்னும் மாணவர் விசாவில் இருப்பவருக்கு, தண்டனையே இல்லாமல் ஒப்புக்கொண்டதே பின்னால் வினையாக முடியலாம். கல்லூரியின் மன்னிப்பு விதி கல்லூரியோடு நின்றுவிடும், விசா அதிகாரியைக் கட்டுப்படுத்தாது. மாட்டிக்கொண்டால் எதற்கும் கையெழுத்துப் போடுமுன் குடிவரவு வழக்கறிஞரிடம் பேசுங்கள். ஆனால் எதிரே ஒருவன் மூச்சுத் திணறிக் கிடந்தால் முதலில் 911.

"என் பிள்ளை குடிப்பதில்லை, இதெல்லாம் எங்களுக்கு எதற்கு?" என்று கீழே எழுதப்போகிறவர்கள் பலர் இருப்பீர்கள். நம்புகிறேன். அந்த அறையில் நள்ளிரவு தாண்டியும் நிதானமாக விழித்திருக்கப்போவது உங்கள் பிள்ளைதான். அறைத்தோழனை எழுப்பிப் பார்க்கப்போவதும், கைபேசியைக் கையில் வைத்துக்கொண்டு அழைப்பதா வேண்டாமா என்று நிற்கப்போவதும் அவன்தான். மாணவர் கையேட்டில் மன்னிப்பு விதி எந்தப் பக்கத்தில் இருக்கிறது, மாத்திரைக்கும் அது செல்லுமா, இரண்டாம் தடவைக்கும் செல்லுமா என்று அவனோடு உட்கார்ந்து படித்துவிட்டு வாருங்கள். பிறகு மின்னஞ்சலைப் பற்றிச் சண்டை போடலாம்.